எடுக்கச் சொல்வதற்கு முன்னால்

வாசலோரம் நிற்கும் ஆண்களே! வாசலோரத்தாருக்குத்தான் இன்று என் பேச்சில் பாதி.

மார்பில் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்ததும் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? கணவர் பேசுகிறார், மைத்துனர் பேசுகிறார், துபாயிலிருந்து தம்பி போனில் பேசுகிறார். "எடுத்துடுங்க டாக்டர், உயிர் பொழைச்சாப் போதும்." பாசம்தான், யார் இல்லை என்றது? ஆனால் யாருடைய மார்போ, அவளிடம் யாராவது கேட்டார்களா?

இந்த அவசரத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹால்ஸ்டெட் என்ற பேர்பெற்ற சர்ஜன், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மார்பையும் அதன் அடித்தசையையும் அக்குள் நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்தே அகற்றினார். அகலமாக வெட்டினால் நோயைப் பிடித்துவிடலாம் என்பது அவர் கணக்கு. பல பத்தாண்டுகள் உலகமே அவர் வழியில் நடந்தது. கை வீங்கி, தோள் தூக்க முடியாமல் பெண்கள் வாழ்ந்தார்கள்.

பின்னால் வந்த இன்னொரு அமெரிக்க சர்ஜன், பெர்னார்ட் ஃபிஷர், அந்தக் கணக்கைச் சந்தேகித்தார். நோயின் செல்கள் ஆரம்பத்திலேயே ரத்தத்தில் கலந்துவிடலாமே, அப்புறம் அகலமாக வெட்டி என்ன பயன் என்றார். வாதத்தோடு நிற்கவில்லை. 1976-இல், நான்கு செ.மீ. வரை கட்டி இருந்த பெண்களிடம், முழு மார்பை எடுப்பதையும் கட்டியை மட்டும் எடுப்பதையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கினார். இருபது ஆண்டு முடிவு 2002-இல் வெளிவந்தது: முழு மார்பை எடுத்தவர்களும் கட்டியை மட்டும் எடுத்தவர்களும் ஆயுளில் சமம்! ஆனால் ஒன்று. கட்டியை மட்டும் எடுத்துவிட்டு ரேடியேஷன் வைக்காதவர்களில் 39 சதவீதம் பேருக்கு அதே மார்பில் நோய் திரும்பியது. வைத்தவர்களில் 14 சதவீதம்.

கட்டியை மட்டும் எடுப்பது எல்லோருக்கும் பொருந்தாது. மார்பில் பல இடங்களில் நோய் இருந்தால், முன்பே அங்கே ரேடியேஷன் வாங்கியிருந்தால், டாக்டரே முழுதாக எடுக்கச் சொல்லலாம். தினமும் பஸ் ஏறி ரேடியேஷனுக்கு வர முடியாது, எடுத்துவிடுங்கள் என்று அவளே சொன்னால் அதுவும் நியாயம்தான். அவள் சொல்ல வேண்டும், அவ்வளவே.

அடுத்து, பயாப்ஸி ரிப்போர்ட். எத்தனையாவது ஸ்டேஜ் என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வராதீர்கள். ஹார்மோன் ஏற்பிகளைப் பார்க்கும் ஈஆர், பிஆர், ஒரு புரதத்தைப் பார்க்கும் ஹெர்-2 என்று மூன்று சோதனை இருக்கும். முதல் இரண்டில் ஒன்றாவது பாசிட்டிவ் என்றால், பொதுவாக டமாக்சிஃபென் போன்ற ஹார்மோன் மாத்திரை ஐந்து ஆண்டாவது உண்டு. ஹெர்-2 பாசிட்டிவ் என்றால் அதற்கென்றே ட்ராஸ்டுசுமாப் ஊசி இருக்கிறது. மூன்றும் நெகட்டிவ் என்றால் கீமோவுக்கு வேலை அதிகம். சிலருக்குக் கீமோவை முதலில் கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, மார்பைக் காப்பாற்றவும் முடிகிறது. முதல் நாளே "எடுத்துடுங்க" என்றால் அந்த வாசல் மூடிப்போகும்.

பொதுவாக ஒரு வாரம் யோசிப்பதால் ஒன்றும் கெட்டுப்போகாது; மாதக்கணக்கில் தள்ளினால் கெடும். இன்னொரு டாக்டரிடம் காட்டப்போனால் ரிப்போர்ட்டோடு, பயாப்ஸியில் எடுத்த சதையின் ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் லேபில் கேட்டு வாங்கிப் போங்கள். பெரும்பாலும் மறுபடி ஊசி குத்த வேண்டியிருக்காது. அங்கே டாக்டர் எதிரே இருக்கும் நாற்காலியில் அவளை உட்கார வையுங்கள், ஐயா. நீங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து குறிப்பு எழுதுங்கள்.