உறக்கம் சோம்பல் அன்று

(செஞ்சியில் பெற்றோர், மாணவர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



வகுப்பில் கண்ணயரும் பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசுவது எளிது. முந்தைய இரவு அவன் எவ்வளவு உறங்கினான் என்று கேட்பவர் சிலரே. 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரமும், பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரமும் உறக்கம் வேண்டும் என்பர் மருத்துவர்.

பாயில் படுத்திருப்பது வேறு, உறங்குவது வேறு. சென்னையில் குறைந்த வருவாயுடைய 452 பேரிடம் நடத்திய ஆய்வொன்றைப் பொருளியல் அறிஞர்கள் 2021இல் வெளியிட்டனர். இரவில் ஏறத்தாழ 8 மணி நேரம் படுத்திருந்தும் அம்மக்கள் உறங்கியது சுமார் ஐந்தரை மணி நேரமே என்று மணிக்கட்டில் கட்டிய கருவி காட்டியது. வெப்பமும் கொசுவும் இரைச்சலும் அவர்களைப் பலமுறை எழுப்பின. உறங்குவதற்கு உதவும் பொருள்களும் அறிவுரையும் தந்ததில் இரவு உறக்கம் 27 நிமிடம் கூடிற்று; ஆயினும் வேலைத்திறன் உயரவில்லை. பணியிடத்தில் அமைதியான இடம் தந்து, பிற்பகலில் அரைமணி நேரம் உறங்கச் செய்தபோதோ வேலைத்திறனும் கவனமும் மனநலமும் மேம்பட்டன. நேரத்தைப் போலவே, இடையூறற்ற உறக்கமும் இன்றியமையாதது என்று கருத இது இடந்தருகிறது.

நம் ஊர் நிலையும் இதற்கு அயலன்று. பகலெல்லாம் வெயில் குடித்த ராஜகிரிப் பாறைகள் இரவில் வெப்பத்தை உமிழ்கின்றன. தொகுப்பு வீட்டின் கான்கிரீட் கூரையும் அவ்வாறே. ஓர் அறையில் குடும்பமே படுக்கும்போது, விடியுமுன் வேலைக்கு எழும் தாயோடு பிள்ளையும் விழித்துக்கொள்கிறது.

உறக்கம் குறைந்தால் மறதியும் சினமும் மிகும். வண்டி ஓட்டுவோர்க்கு விபத்து நேரும். நெடுநாள் தொடரின் இரத்தக் கொதிப்பு, நீரிழிவு ஆகியவற்றுக்கான வாய்ப்பு கூடும். படித்தவை நினைவில் நிலைப்பதற்கும் உறக்கம் துணை செய்கிறது. ஆதலால் தேர்வுக்கு முந்தைய இரவு முழுதும் விழித்துப் படிப்பது பயனைக் குறைத்துவிடும்.

சிலவற்றை நோயென்றே அறிதல் வேண்டும். வாரத்தில் மூன்று இரவுகளேனும் உறக்கம் வாராமல் மூன்று மாதம் நீடிப்பது ஒன்று. உரத்த குறட்டைக்கிடையே மூச்சு நின்று நின்று வருவது மற்றொன்று. படுத்ததும் கால்களை அசைக்கத் தூண்டும் உளைச்சல் இன்னொன்று. இதற்கு இரும்புச்சத்துக் குறைவும் காரணமாகலாம். இவற்றுக்கு மருத்துவம் உண்டு. கடையில் தாமாக மாத்திரை வாங்கி உண்ணாது, அரசு மருத்துவமனையை நாடுங்கள்.

கொசுவலையும் காற்றோட்டமும், இரவு ஒரே நேரத்தில் அணையும் விளக்கும் தொலைக்காட்சியும் கைப்பேசியும் ஒவ்வொரு வீட்டிலும் விடுதியிலும் அமையட்டும். உழைத்த உடலுக்குக் கூலி எப்படி உரிமையோ, உறக்கமும் அப்படியே உரிமை.