மூன்றெழுத்தில் ஒரு முகவரி



கணினிக் காலத்தில் மொழிக்குப் பெரிதும் துணை நிற்பது பேச்சா, பதிவா? 'பதிவே' என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய அம்மா கேட்டார்கள்: "மொழி நாக்குல வாழுதய்யா! கம்ப்யூட்டர்ல ரெண்டு எழுத்தைக் குறிச்சு வச்சா வாழ்ந்துடுமா?" கைதட்டலும் வாங்கினார்கள்.

அந்த ரெண்டு எழுத்து என்னன்னு முதல்ல பார்ப்போம். மொழிகளுக்கு இரண்டெழுத்துக் குறியீடுகளை 1988-இல் ஐ.எஸ்.ஓ. என்ற உலகத் தர அமைப்பு வெளியிட்டது. தமிழுக்கு டி-ஏ. இந்திக்கு எச்-ஐ. மராத்திக்கு எம்-ஆர். எதற்காக? இந்திக்கும் மராத்திக்கும் எழுத்து ஒன்றுதான், தேவநாகரி. எழுத்தை மட்டும் பார்த்தால் கணினி குழம்பும். குறியீட்டைச் சொன்னால்தான் எந்த அகராதியை எடுக்கணும், எந்த உச்சரிப்பில் படிக்கணும் என்று அதற்குத் தெரியும்.

இப்ப ஒரு சின்னக் கணக்கு. ஆங்கில எழுத்து 26. இரண்டிரண்டாகச் சேர்த்தால் 676. மொழிகளோ 7,000! நடுவர் அவர்களே, 676 நாற்காலி போட்டுவிட்டு 7,000 பேருக்குப் பத்திரிகை வைத்தால் அந்தக் கல்யாண வீடு என்னாகும்? (சிரிப்பு) பெரிய வீட்டுக்காரர்கள் முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். நம் பக்கத்து வீட்டுத் துளுவுக்கே இரண்டெழுத்து நாற்காலி கிடைக்கவில்லை. பிறகு மூன்றெழுத்து வந்தது. அதில் 17,576 இடம். 1998-இல் சில நூறு மொழிகளுக்குத்தான் கொடுத்தார்கள். 2007-இல்தான் ஏழாயிரம் மொழிகளுக்கும் பந்தி விரிந்தது.

அதனால் யாருக்கு லாபம்? நீலகிரிக்கு வாங்க. தோடர் மொழி பேசுகிறவர்கள் இரண்டாயிரம் பேர்கூட இருக்கமாட்டார்கள். அதற்கும் மூன்றெழுத்து உண்டு, டி-சி-எக்ஸ். ஏழு கோடிப் பேருக்கு மேல் பேசும் நம் தமிழுக்கும் அதே மூன்றெழுத்துதான், டி-ஏ-எம். அந்தப் பட்டியலில் அண்ணன் தம்பி பாகுபாடு கிடையாது!

அம்மா, உங்கள் கேள்விக்கே வருகிறேன். ஓர் இருளர் வீட்டுப் பெண் குழந்தை, தன் பாட்டி சொன்ன கதையைத் தமிழ் எழுத்தில் கணினியில் அடிக்கிறாள் என்று வையுங்கள். கணினிக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும் என்றால் என்ன செய்யும்? சொல்லுக்குச் சொல் சிவப்புக் கோடு போடும். "தப்பு, தப்பு" என்று திருத்த வரும். பாட்டி பேசியது தப்பா? அது தமிழின் பிழை இல்லை ஐயா. அது இருளா என்ற தனி மொழி! ஐ-ஆர்-யு என்று குறித்துவிட்டால், "இது வேறு மொழி, என் தமிழ் அகராதியால் திருத்தக்கூடாது" என்று கணினி கையைக் கட்டிக்கொள்ளும். (பலத்த கைதட்டல்) இந்தியை வைத்து நம்மை அளந்தால் நமக்குக் கோபம் வருகிறதே, தமிழை வைத்து இருளாவை அளக்கலாமா?

குறியீடு ரேஷன் கார்டு மாதிரி. கார்டைச் சமைத்துச் சாப்பிட முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கார்டில் பேர் இல்லாதவன் கடை வாசலில் நின்றால், "நீ யாருப்பா?" என்றுதான் கேட்பார்கள். அகராதி, விசைப்பலகை, வாசித்துக் காட்டும் குரல் எல்லாம் அந்தப் பேரைத் தேடித்தான் வந்து சேரணும்.

பாட்டி பேசட்டும், பேத்தியும் பேசட்டும். அவர்கள் பேசுவது ஒரு மொழி என்று இயந்திரமும் தெரிந்துகொள்ள, பதிவே தேவை!