செம்பியன் மாதேவி என்னும் மூதாட்டி
(மன்றத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தாயைப் பாடிய கவிஞர் தமிழில் பலர். காதலியைப் பாடியோருக்குக் கணக்கில்லை. பாட்டியைப் பாடியோர் மிகச் சிலரே. வீட்டுக் கூடத்தின் மூலையில் அமர்ந்து, விளக்கேற்றி, பிள்ளைகளுக்குச் சோறூட்டி, ஊர்க்கோயிலுக்கு எண்ணெய் அனுப்பி, இரண்டு பங்காளி வீடுகளுக்கிடையே பேச்சு அறுந்து போகாமல் காத்து நின்ற கிழவியை வரலாறு எழுதுவோரும் கண்டுகொள்வதில்லை. அத்தகைய மூதாட்டியர் வரிசையில், கல்லிலே பெயர் நின்றுவிட்ட ஒருவரைப் பற்றியதே இவ்வுரை. அவர் சோழர் குலத்துப் பெருமாட்டி செம்பியன் மாதேவியார்.

அரசியரைப் பாட்டி என்று அழைப்பது மரபன்று. எனினும் உறவுமுறை பார்த்தால் அவர் பாட்டியே. முதற் பராந்தகனின் மைந்தர்களுள் கண்டராதித்தர் மூத்தவர்களுள் ஒருவர். அரிஞ்சயர் அவருக்கு இளையவர். அரிஞ்சயரின் மகன் சுந்தர சோழர். சுந்தர சோழரின் மகன் அருள்மொழி, பின்னாளில் முதலாம் இராசராசன். கண்டராதித்தரின் தேவியாகிய செம்பியன் மாதேவியார், ஆகவே, இராசராசனுக்குப் பெரிய பாட்டி முறை. இராசேந்திரனுக்குக் கொள்ளுப்பாட்டி முறை. கல்கியின் 'பொன்னியின் செல்வ'னைப் படித்தவர்கள் அவரைப் பெரிய பிராட்டியாராக அறிவர். புதினத்தின் பிராட்டியாருக்குக் கல்கியின் கற்பனை உயிர் கொடுத்தது. கல்வெட்டின் பிராட்டியார் அக்கற்பனைக்குச் சற்றும் குறைந்தவரல்லர். சில இடங்களில் அதனினும் பெரியவர்.

கல்வெட்டுகள் அவரை அறிமுகப்படுத்தும் முறை கருதத் தக்கது. மழவரையர் மகளார், கண்டராதித்தரின் தேவியார், உத்தம சோழரை வயிற்றில் வாய்த்த பிராட்டியார் என்று அவை கூறும். தந்தை, கணவன், மகன் என்னும் மூவரைத் தாண்டி ஒரு பெண்ணுக்கு அடையாளமே இல்லையா என்று இக்காலத்தார் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. செம்பியன் மாதேவி என்பதும் சோழனின் பெருந்தேவி என்னும் பொருளுடைய பட்டப்பெயரே அன்றி வேறில்லை. ஆனால் அம்மூவர் பெயரையும் அவர் தாங்கியது போக, அவர்கள் பெயர் நிலைக்குமாறு செய்தவரும் அவரே என்பதை அடுத்து வருவன காட்டும்.

941-ஆம் ஆண்டளவில் உய்யக்கொண்டான் திருமலைக் கோயிலுக்கு அளித்த கொடையில் அவர் பெயர் முதலில் தோன்றுகிறது. 1001-இல் திருவக்கரைக் கோயிற் பணியில் அது இறுதியாகத் தோன்றுகிறது. இடையில் அறுபது ஆண்டுகள். அந்த அறுபது ஆண்டுகளுக்குள் அவர் கண்ட துயரங்களை எண்ணிப் பார்ப்பது எளிதன்று. 949-இல் தக்கோலப் போர். கணவரின் தமையனார் இராசாதித்தர் யானைமீதிருந்தபடியே மாண்டார். சுமார் 957-இல் கணவர் மறைந்தார். மகன் மதுராந்தகன் அப்போது சிறுவன். அரியணை கணவரின் தம்பி வழிக்குச் சென்றது. சுந்தர சோழர் மறைந்தபோது அவர் தேவி வானவன் மாதேவி, பால்மணம் மாறாத மகவை விட்டுக் கணவருடன் தீப்பாய்ந்ததைத் திருக்கோவலூர்க் கல்வெட்டு சொல்லும். ஒரே குடும்பம், இரண்டு கைம்பெண்கள். ஒருவர் தீயில் புகுந்தார். மற்றவர் பிள்ளைக்காக வாழ்ந்தார். பின்னர்ப் பிறர் பிள்ளைகளுக்காகவும் வாழ்ந்தார். தாயற்ற அருள்மொழியை அவன் தமக்கை குந்தவையும் இம்மூதாட்டியும் அரவணைத்து வளர்த்தனர் என்பது ஆய்வாளர் கருத்து.

அக்குடும்பத்தில் இரத்தக்கறையும் படிந்தது. சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கொலையுண்டான். இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த உடையார்குடிக் கல்வெட்டு, துரோகிகளின் பெயரைச் சொல்லி அவர்தம் உறவினர் நிலங்களைக் கைப்பற்றிய செய்தியைக் கூறுகிறது. கொலைக்குப் பின் பட்டம் பெற்றவர் செம்பியன் மாதேவியாரின் மகன் உத்தம சோழர். ஆகவே ஐயம் அவர்மீது விழுந்தது. பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் அவ்வையத்தைத் தம் நூலில் வெளிப்படுத்தினார். சதாசிவ பண்டாரத்தார் அதனை மறுத்தார். அவ்வழக்கைத் தீர்ப்பதற்கு இது இடமன்று. ஆனால் மகனைப் பற்றி நாடே முணுமுணுத்த நாள்களில், கொலையுண்டவனின் தம்பியும் தங்கையும் வளர்ந்த அதே அரண்மனையில், தாயாகவும் பாட்டியாகவும் ஒருங்கே இருக்க நேர்ந்த பெண்ணின் நிலையைக் கவிஞர்கள் நினைத்துப் பார்க்கலாம். நாடகம் எழுதுவோர்க்கு இதைவிடக் கூரிய சூழல் கிடைப்பது அரிது.

985-இல் உத்தமர் காலமாக, அரியணை இராசராசனுக்கு வந்தது. சித்தப்பா நாட்டை விரும்பும்வரை தான் அதனை மனத்தாலும் விரும்பேன் என்று அருள்மொழி விட்டுக்கொடுத்ததாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு புகழும். விட்டுக்கொடுத்தவன் பக்கமே புகழ் நின்றுவிட்டது. பாட்டியின் பக்கத்தைச் செப்பேடு சொல்லவில்லை. உத்தமருக்கும் ஒரு மகன் உண்டு. மதுராந்தகன் கண்டராதித்தன் என்பது அவன் பெயர். பாட்டனாரின் பெயரைத் தாங்கியவன், செம்பியன் மாதேவியாரின் சொந்தப் பேரன். அரியணை அவனுக்கு வரவில்லை. அவன் இராசராசனின் கீழ் அதிகாரியாகி, கோயில்களின் வரவு செலவுகளை ஆராய்ந்து, தவறு செய்தோரைத் தண்டித்த செய்திகளைக் கல்வெட்டுகள் தருகின்றன. பாட்டியின் தொழிலைப் பேரன் கற்றுக்கொண்டான் என்றே சொல்லத் தோன்றுகிறது. மகன் போனபின், பேரனுக்குப் பட்டம் இல்லை என்றான பின், பதினாறு ஆண்டுகள் அம்மூதாட்டி கோயில் கட்டிக்கொண்டே இருந்தார். கடைசித் திருப்பணியாகிய திருவக்கரைக் கல்வெட்டு, இராசராசனின் பதினாறாம் ஆட்சியாண்டைச் சொல்லியே தொடங்குகிறது. மனத்தில் காழ்ப்பிருந்தால் அந்தக் கை அந்தத் தேதியை இட்டிருக்காது.

அவர் கட்டியவை எத்தகைய கோயில்கள்? காவிரிப் படுகையில் மலை இல்லை, கல் இல்லை. வண்டல் மண்ணிலே செங்கல்லும் மரமும் சுதையுமாக நின்ற பழங்கோயில்களை, மூவர் பாடல் பெற்ற தலங்களை, அவர் கற்றளிகளாக மாற்றினார். கல்லைத் தொலைவிலிருந்து கொணர்தல் வேண்டும். திருநல்லம், ஆடுதுறை, திருக்கோடிகா, குத்தாலம், திருமணஞ்சேரி, திருவாரூர் அரநெறி, விருத்தாசலம் எனப் பட்டியல் நீளும். கணவர் கண்டராதித்தர் தில்லைக் கூத்தனைப் பாடியவர். அவர் பாடிய திருவிசைப்பா ஒன்பதாம் திருமுறையில் உள்ளது. கணவர் பாடிய கூத்தனை மனைவி கல்லில் வைத்தார்: அவர் எழுப்பிய கோயில்கள் பலவற்றின் தென்புறச் சுவர் மாடத்தில் ஆடவல்லானைக் காணலாம். பாட்டுக்கு இப்படி ஓர் உரை எழுதியவர் வேறு யார் உளர்?

இத்திருப்பணிகளுள் திருநல்லம் எனப்படும் கோனேரிராசபுரம் தனித்து நின்று பார்க்கத் தக்கது. அக்கோயிலைக் கணவரின் பெயரால் எடுத்தார். அதன் சுவரிலே சிவலிங்கத்தை வழிபடும் நிலையில் கண்டராதித்தரின் சிற்றுருவம் செதுக்கப்பட்டுள்ளது. இன்னார் உருவம் இது என்று எழுத்தும் பொறிக்கப்பட்டுள்ளது. கோயிலை எடுப்பித்த அரசி தம் உருவத்தை அங்கே பெரிதாக வைக்கவில்லை. அதே கோயிலில் இன்னொரு பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. ஆலத்தூரைச் சேர்ந்த சாத்தன் குணபட்டன் என்னும் அரசரண சேகரன், கட்டடப் பணியை முன்னின்று நிறைவேற்றியவன். அவனுக்கு இராசகேசரி மூவேந்த வேளான் என்னும் பட்டமும் கிடைத்தது. எத்தனையோ பெருங்கோயில்களில் பணி செய்தவர் பெயர் மறைந்து, கொடுத்தவர் பெயர் மட்டுமே எஞ்சும். இங்கே வேலை செய்தவனுக்கும் கல்லில் இடம் கிடைத்தது. வீட்டில் விருந்து முடிந்ததும் சமைத்தவரை அழைத்து உட்காரச் சொல்லும் பாட்டியின் கை இது.

இனித் திருக்கோடிகா. பழைய கோயிலைப் பிரித்துக் கல்லால் எடுக்கும்போது ஓர் இடையூறு நேர்ந்தது. அதற்கு முன்பிருந்த கொடைகள், பல்லவர் காலத்தனவும் உள்ளிட்டவை, அங்கங்கே தனிக் கற்களில் எழுதப்பட்டுக் கிடந்தன. கற்களைப் புதுப் பணியில் போட்டு மறைத்துவிட்டுத் தம் கொடையை மட்டும் புதுச் சுவரில் வெட்டியிருந்தால் கேட்பார் எவருமில்லை. மறைந்துபோன மன்னர்களும் பெயர் தெரியாத கொடையாளிகளும் வந்து வழக்காடப் போவதில்லை. மாதேவியார் அவ்வாறு செய்யவில்லை. இருபதுக்கு மேற்பட்ட பழங்கல்வெட்டுகளைப் புதுச் சுவரில் மறுபடி படியெடுத்துப் பொறிக்கச் செய்தார். இவை பழைய கல்லின் படி என்ற குறிப்பும் சேர்க்கப்பட்டது. நந்திவர்மனும் நிருபதுங்கனும் இன்று அச்சுவரில் வாசிக்கக் கிடைப்பது அவரால். பழங்கொடை என்பது வெறும் எழுத்தன்று. ஒரு நந்தாவிளக்குக்கு 90 அல்லது 96 ஆடுகளை இடையர் கையில் ஒப்படைப்பர்; நாள்தோறும் உழக்கு நெய் அளக்கவேண்டும்; செத்தாலும் மூத்தாலும் குறையாத கணக்காக அதனைச் 'சாவா மூவாப் பேராடு' என்பர். எழுத்து அழிந்தால் கணக்கு அழியும். கணக்கு அழிந்தால் விளக்கு அணையும். முந்நூறு ஆண்டுக்கு முந்தியதோ நூறாண்டுக்கு முந்தியதோ, எவரோ ஒருவர் ஏற்றிய விளக்கு அணையக்கூடாது என்று நினைத்தவர், இன்றைய நூலகக் காப்பாளர்களுக்கும் கல்வெட்டுத் துறையினர்க்கும் முன்னோடி. பழைய ஏடுகளைத் தேடிப் பதிப்பித்த பெருமக்களை வணங்கும் தமிழுலகம் இவரையும் அவ்வரிசையில் வைக்கலாம். வைக்கவில்லை, அது ஒரு குறையே.

பிறர் பெயரைக் காத்தவரின் பெயரை அவர் குடும்பம் காத்தது. நாகை மாவட்டத்தில் அவர் பெயராலேயே செம்பியன் மாதேவி என்னும் ஊர் உள்ளது. அங்குக் கயிலாயநாதர் கோயில் அவர் எடுப்பித்தது. உத்தம சோழரின் தேவியர் பலர் அக்கோயிலில் நிவந்தம் வைத்தனர். எதற்காக? தம் மாமியார் பிறந்த சித்திரைத் திங்கள் கேட்டை நாளைக் கொண்டாடுவதற்காக. மாமியார் பிறந்தநாளுக்கு மருமக்கள் சேர்ந்து அறக்கட்டளை வைத்த செய்தி தமிழ்க் கல்வெட்டுகளில் அடிக்கடி கிடைப்பதன்று. தமிழ்நாட்டுக் குடும்பங்களின் இயல்பை அறிந்தவர்கள் இதன் அருமையை உணர்வர். பின்னர் 1019-இல், கொள்ளுப்பேரன் முறையினனாகிய இராசேந்திரன் காலத்தில், அதே கோயிலில் அவர் திருவுருவம் நிறுவப்பட்டு வழிபாட்டுக்கு வழி செய்யப்பட்டது. கங்கைவரை படை செலுத்திய மன்னனின் ஆட்சியிலும் பாட்டிக்குப் பூவும் அமுதும் மறக்கப்படவில்லை. குந்தவையார் தாதாபுரத்தில் சிவனுக்கும் திருமாலுக்கும் அருகனுக்கும் கோயில் எடுத்ததிலும் இப்பெரியவர் காட்டிய வழியே தெரிகிறது. அம்மை எடுத்தவை சிவாலயங்கள். பேத்தி சமயம் கடந்தும் கொடுத்தார்.

வாஷிங்டன் நகரத்து ஃப்ரீர் கலைக்கூடம் 1929-இல் ஒரு செப்புத் திருமேனியை வாங்கியது. மூன்றரை அடி உயரம்; நெடிய உடல், சரிந்த தோள்கள், ஒரு கை மலரேந்தும் முத்திரையில், மற்றது தொங்கி நிற்கும். பார்வதி என்றும், பார்வதியின் வடிவில் நிற்கும் செம்பியன் மாதேவியார் என்றும் அறிஞர் கூறுவர். அரசியின் உருவமே அது என்பது வித்யா தெகேஜியா போன்றோரின் துணிபு. அச்சிலை கயிலாயநாதர் கோயிலிலிருந்து களவு போனதே என்று தமிழகக் காவல்துறையின் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு 2022-இல் அறிவித்து, அதனை மீட்கும் முயற்சியில் இறங்கியது. ஆள் பார்க்க அழகாக இருந்ததனால் கலைப்பொருள் ஆகிவிட்ட பாட்டி, வீடு திரும்ப வேண்டிய வழக்கு இது.

செம்பியன் மாதேவி ஊரில் பிராட்டியாருக்குப் பிறந்தநாள் விழா எடுக்கும் வழக்கம் இன்றும் உண்டு. உத்தம சோழரின் தேவியர் வைத்த நிலங்கள் யார் யாரிடமோ கைமாறி, ஆட்சிகள் பல மாறி, நெய் அளந்த இடையரின் மரபும் ஆட்டுக் கணக்கும் போய்விட்டன. விழா மட்டும் நிற்கவில்லை. வயல் வேலை ஓய்ந்த ஊரார், தம் பாட்டிக்குச் செய்வதுபோலவே, அபிடேகத்துக்குப் பாலும் சீராகப் பழத்தட்டும் கொண்டு கோயிலுக்கு வருகிறார்கள்.