வெளியான டேக் நகரலாமா?



"கிட் வரலாற்றையே திருத்துகிறோம், கூடவே டேக்கையும் புதுக் கமிட்டுக்கு நகர்த்தினால் குடியா முழுகிவிடும்?" என்று கேட்டார் எதிரணித் தலைவர். முழுகியதய்யா! 2025 மார்ச்சில் 'டிஜே-ஆக்‌ஷன்ஸ்' குழுவின் 'சேஞ்ட்-ஃபைல்ஸ்' என்ற கிட்ஹப் கருவிக்குள் புகுந்தவன் புதுப் பதிப்பு எதையும் வெளியிடவில்லை. இருந்த டேக்குகளைத் தன் நச்சுக் கமிட்டுக்கு நகர்த்தினான், அவ்வளவுதான். 23,000-க்கும் மேற்பட்ட ரெப்போக்களில் புழங்கிய கருவி அது. டேக் பெயரை நம்பியவர்களில் பலரின் ரகசியச் சாவிகள் பில்டு லாகில் பல்லிளித்தன. டேக் பெயருக்குப் பதில் கமிட்டின் 40 எழுத்து ஹாஷை எழுதி வைத்தவர்கள் தப்பினார்கள்.

"அவன் திருடன், நாங்கள் நல்லவர்கள்" என்பீர்கள். சரி, நல்லவர் நகர்த்தினால் என்ன ஆகும்? ஏற்கெனவே க்ளோன் எடுத்தவரிடம் பழைய வி1.0 டேக் இருக்கும். 2018-இல் வந்த கிட் 2.20 முதல், ஃபோர்ஸ் போடாமல் அதை மாற்ற ஃபெட்ச் மறுத்துவிடும். இன்று க்ளோன் எடுப்பவருக்கோ புது வி1.0. "வி1.0-இல் பிழை" என்று ஒருவர் எழுதினால், எந்த வி1.0 என்று யாரைக் கேட்பது? கோ மொழியில் செக்சம் பொருந்தவில்லை என்று பில்டே நின்றுவிடக்கூடும். டேக்கில் போட்ட கையெழுத்தும் பழைய ஹாஷுக்கு உரியது, புதியதற்குச் செல்லாது.

எதிரணியின் பலமான அம்பு ஒன்று உண்டு: வரலாற்றில் பாஸ்வேர்டு சிக்கிவிட்டால், பழைய டேக் பழைய கமிட்டுகளைப் பிடித்து வைத்திருக்குமே? உண்மைதான், மறுக்கவில்லை. முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஊரெல்லாம் போன க்ளோன்களை நம்மால் அழிக்க முடியாது. பிறகு அந்த டேக்கை நீக்குங்கள். திருத்தியதற்கு வி1.0.1 என்று பெயர் வையுங்கள். பதிவான கிரயப் பத்திரத்தில் தவறு இருந்தால் அதையா சுரண்டி எழுதுகிறோம்? புது எண்ணில் பிழைத்திருத்தல் பத்திரம் போடுகிறோம். டேக்கை ஒருமுறை பிறர் பார்த்துவிட்டால் தவறை ஒப்புக்கொண்டு வேறு பெயர் வைப்பதே விவேகம் என்றுதான் கிட்டின் கையேடும் சொல்கிறது.

புஷ் செய்யாத டேக்கா? வரலாற்றைத் திருத்தும் ஃபில்டர்-ரெப்போ கருவி தானே நகர்த்தித் தரும், எங்களுக்கு வழக்கில்லை. வெளியே போன டேக் ஊருக்குக் கொடுத்த வாக்கு. அதை நகர்த்தும் உரிமை, நகர்த்தத் தெரிந்தவருக்கும் கிடையாது என்று நடுவர் தீர்ப்பளிக்க வேண்டி அமர்கிறேன்.