வீட்டுக் கணினியின் நினைவும் குரலும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது நம் சங்கத்தின் மரபு. இவ்வாண்டு செயலாளர் அவர்கள் வீட்டுக் கணினியைப் பேணும் முறை பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்தார்கள். பட்டிமன்றத்துக்கும் பரதநாட்டியத்துக்கும் நடுவே இயந்திரப் பேச்சா என்று சிலர் புன்னகை புரிவது இங்கிருந்தே தெரிகிறது. புரியட்டும். ஊரை விட்டு ஆயிரம் கல் தொலைவில் வந்து குடியேறியவர்கள் நாம். ஊர்க்கோயில் தேரின் படம், தங்கையின் திருமணப் பதிவு, மறைந்த பாட்டியார் பாடிய தாலாட்டு ஆகியவற்றை முன்பு தகரப் பெட்டியிலும் ஒலிநாடாவிலும் வைத்திருந்தோம். இன்று அவை கணினிக்குள் குடிபுகுந்துவிட்டன. ஆதலால் இது நம் வீட்டுச் சொத்தைப் பற்றிய பேச்சேயாகும்.

நம் காலனியில் கணினி பற்றி எழும் முறையீடுகளில் முதன்மையானது, "ஒலி வரவில்லை" என்பது. நேற்றுவரை பாடிய கணினி இன்று ஊமையாகிவிடுகிறது. வெளிநாட்டிலுள்ள பெயரன் திரையில் வாயசைக்கிறான். தாத்தாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. வீடே பதறுகிறது. கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுகிறோம். கடைக்காரர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஃபார்மட் செய்துவிடலாம்" என்கிறார். நாமும் தலையசைக்கிறோம்.

அந்தத் தலையசைப்புத்தான் கேடு. சென்ற ஆண்டு ஓர் இல்லத்தில் இப்படித்தான் நிகழ்ந்தது. கணினி திரும்பி வந்தது. ஒலிபெருக்கி மணிபோல் ஒலித்தது. ஆனால் பாட்டியாரின் தாலாட்டு அதனுள் இல்லை. வேறெங்கும் அதற்குப் படி எடுத்து வைத்திருக்கவும் இல்லை. அந்த வீட்டு அம்மையார் எம்மிடம் கேட்ட கேள்வி இது: "பழைய கணினியில் அழிந்த படங்களை ஒருவர் மீட்டுக் கொடுத்தாரே, இதில் மட்டும் ஏன் இயலாது?"

நல்ல கேள்வி. பழைய ஹார்ட் டிஸ்க்கில் காந்தப்பூச்சுள்ள தட்டுகள் சுழலும். ஒரு கோப்பை அழித்தால் அதன் பெயர் மட்டுமே பட்டியலிலிருந்து நீங்கும். அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை உள்ளே இருப்பது அப்படியே கிடக்கும். ஆகவே மீட்பது பலமுறை இயன்றது. இப்போதைய கணினிகளில் உள்ளது எஸ்.எஸ்.டி. அதில் சுழலும் பொருள் ஏதும் இல்லை. ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா 1984-இலும் 1987-இலும் உலகுக்கு அறிவித்த ஃபிளாஷ் நினைவகத்தின் வழிவந்தது அது. நுண்ணிய அறைகளில் மின்னேற்றத்தைச் சிறைப்பிடித்து வைப்பதே அதன் தொழில்.

இந்த அறைகளுக்கு ஒரு குணம் உண்டு. சிறு பகுதியாக எழுதலாம். ஆனால் அழிக்க வேண்டுமானால் பெரிய தொகுதியாகவே அழிக்க வேண்டும். எழுதியதன்மேலேயே மறுபடி எழுத முடியாது. ஆகவே, "இவ்விடங்கள் இனி வேண்டா" என்று கணினி எஸ்.எஸ்.டி.க்கு முன்கூட்டியே சொல்லிவைக்கிறது. இச்செய்திக்கு டிரிம் என்று பெயர். 2009-இல் வந்த விண்டோஸ் 7 முதல் இவ்வழக்கம் இருக்கிறது. செய்தி கிடைத்ததும் எஸ்.எஸ்.டி. ஓய்வு நேரத்தில் அவ்விடங்களைத் துப்புரவாகத் துடைத்துவிடுகிறது. ஃபார்மட் செய்யும்போதும் இச்செய்தியே போகிறது. துடைத்தபின் மீட்பதற்குப் பெரும்பாலும் ஒன்றும் எஞ்சுவதில்லை.

ஒலி நின்றுபோனதற்குக் காரணம் பெரும்பாலும் மிக எளியது. கணினியிலுள்ள ஒலிச் சில்லுக்கும் விண்டோஸுக்கும் இடையே நின்று பேசும் மென்பொருளை டிரைவர் என்கிறோம். நம் வீட்டில் தமிழன்றி வேறறியாத மாமியாருக்கும், இந்தியன்றி வேறறியாத காய்கறிக்காரருக்கும் நடுவே மருமகள் நின்று பேசுகிறாள் அல்லவா? அந்தத் துபாஷி வேலைதான் டிரைவரின் வேலை. விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போது சில வேளைகளில் பழகிய துபாஷி போய்ப் புதியவர் வந்துவிடுகிறார், பேச்சு தடுமாறுகிறது. துபாஷி தடுமாறினால் வீட்டையா இடிப்பார்கள்?

செய்ய வேண்டியதைச் சொல்லுகிறோம். முதலில் திரையின் கீழ்மூலையிலுள்ள ஒலிபெருக்கிக் குறியைத் தொட்டு, ஒலி எங்கே போகிறது என்று பாருங்கள். தொலைக்காட்சியையோ மானிட்டரையோ எச்.டி.எம்.ஐ. கம்பியில் மாட்டியிருந்தால் ஒலி அங்கே போயிருக்கும். இதைக் கண்டதுமே பாதி வீடுகளில் தொல்லை தீர்ந்துவிடும். தீராவிடில், டிவைஸ் மேனேஜரைத் திறந்து, ஒலிக்குரிய பகுதியில் ரியல்டெக் என்றோ வேறு பெயரிலோ உள்ள சாதனத்தை எடுத்து, டிரைவர் என்னும் பக்கத்தில் ரோல் பேக் என்பதை அழுத்தினால் பழைய துபாஷி திரும்புவார். அப்பொத்தான் மங்கியிருந்தால் சாதனத்தை அன்இன்ஸ்டால் செய்து கணினியை மறுபடி தொடங்குங்கள். விண்டோஸ் தானே ஒரு டிரைவரைத் தேடிப் பொருத்த முயலும். அதுவும் பயன்படாவிட்டால், கணினியைச் செய்த நிறுவனத்தின் தளத்தில், கணினியின் மாடல் எண்ணைக் கொடுத்து, அதற்கென உள்ள ஒலி டிரைவரை இறக்கிக்கொள்ளலாம். "எல்லா டிரைவரையும் நாங்களே புதுப்பிப்போம்" என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களை வீட்டுக்குள் விடாதீர்கள். மேற்சொன்ன முறைகளில் எதுவும் உங்கள் படங்களையும் பாடல்களையும் தொடுவதில்லை.

இனி எஸ்.எஸ்.டி.யைப் பேணுவது பற்றி. எழுத எழுதத் தேயும் என்று பலர் அஞ்சுகிறார்கள், அவ்வச்சம் மிகை. சாம்சங் 870 ஈவோ வகையில் 500 ஜி.பி. கொண்டதற்கு 300 டெராபைட் எழுதும்வரை அல்லது 5 ஆண்டுவரை உத்தரவாதம் தருகிறார்கள். நாள்தோறும் 20 ஜி.பி. எழுதினாலும் 300 டெராபைட்டை எட்ட நாற்பதாண்டு ஆகும். நம் வீடுகளில் யார் அவ்வளவு எழுதுகிறார்கள்? எனினும் டிஃபிராக்மென்ட் செய்யும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். அது ஹார்ட் டிஸ்க்குக்கு உரிய மருந்து. விண்டோஸ் வாரந்தோறும் தானே செய்யும் ஆப்டிமைஸ் பணியை நிறுத்தாதீர்கள். வட்டை விளிம்புவரை நிரப்பாமல் பத்தில் ஒரு பங்கேனும் வெறுமையாக வையுங்கள். இங்குள்ள மின்வெட்டை நாம் அறிவோம். மேசைக் கணினிக்கு யு.பி.எஸ். இன்றியமையாதது.

அஞ்ச வேண்டியது திடீர் மரணத்துக்கு. ஹார்ட் டிஸ்க் சாகுமுன் பலமுறை முனகும், கடகடக்கும். எஸ்.எஸ்.டி. முனகுவதில்லை. காலையில் இயங்கியது மாலையில் கண் திறக்காமற்போகலாம். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் அதன் நலத்தை நூற்றுக்கு இவ்வளவு என்று காட்டும். மாதம் ஒருமுறை பார்த்தல் நன்று. ஆனால் அது நூறு காட்டுகிறது என்று உறங்கிவிடுதல் ஆகாது.

இன்னொரு செய்தி, இந்த வடபுலத்து வெயிலில் வாழும் நமக்குச் சிறப்பாக உரியது. மின்சாரம் இன்றிக் கிடக்கும் எஸ்.எஸ்.டி.யில் மின்னேற்றம் மெல்லக் கசியும். ஜெடெக் என்னும் தர அமைப்பின் விதிப்படி, தன் எழுத்து ஆயுள் முழுவதும் தேய்ந்த வீட்டு எஸ்.எஸ்.டி., 30 பாகை வெப்பத்தில் ஓராண்டு தன்னிடமுள்ளதைக் காக்க வேண்டும். புதியது அதனினும் நெடுநாள் காக்கும். கோடை விடுமுறைக்கு ஊர் சென்று வருவதால் கேடில்லை. வெப்பம் ஏற ஏறக் காக்கும் காலம் குறையும். மே மாதத்தில் நம் பரணில் எத்தனை பாகை இருக்கும் என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை. பழைய எஸ்.எஸ்.டி.யில் பாட்டியாரின் குரலை வைத்துப் பரணில் ஏற்றிவிட்டு, ஐந்தாண்டு கழித்து எடுத்துக் கேட்கலாம் என்று எண்ணாதீர்கள். பெட்டியில் வைக்கும் படிக்கு வெளி ஹார்ட் டிஸ்க்கே ஏற்றது. ஒன்று இங்கே இருக்கட்டும். இன்னொன்றை ஊரில் அண்ணன் வீட்டில் கொடுத்து வையுங்கள். ஆண்டுக்கொருமுறை ஊர் செல்லும்போது புதுப்பித்துக்கொள்ளலாம். ஊறுகாயும் வற்றலும் அங்கிருந்து வரும்போது, படங்கள் இங்கிருந்து போகட்டுமே!

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. அதனால் நம்மில் பலர் விண்டோஸ் 11-க்கோ லினக்ஸுக்கோ மாறிவருகிறோம். வட்டைத் துடைப்பதும், பின் ஒலி வராமற்போவதும் பெரும்பாலும் இந்த மாற்றத்தில்தான் நேர்கின்றன. மாறுவதற்கு முன் படி எடுத்துவிடுங்கள். எடுத்த படியை வேறொரு கணினியில் மாட்டி, இரண்டு படத்தையாவது ஒரு பாட்டையாவது திறந்து பாருங்கள்.

இவ்வேலையைத் தனியே செய்யத் தயங்குவோர் வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு நம் சங்க நூலக அறைக்குக் கணினியோடு வரலாம். நம் இளைஞர்கள் இருவர் அங்கே இருப்பார்கள். வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றைக் கையோடு கொண்டுவருவது உங்கள் பொறுப்பு. தேநீர் சங்கத்தின் பொறுப்பு.