மூன்று தலைமுறையும் ஒரு பழைய படமும்



1965இல் வெளிவந்த ‘திருவிளையாடல்’ படத்தை இன்று போட்டாலும் நம் வீடுகளில் மூன்று தலைமுறையும் ஒன்றாக இருந்து பார்க்கிறது. தருமியாக வரும் நாகேஷின் புலம்பலுக்குப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். இறைவனே ஆனாலும் பிழை பிழைதான் என்று நிற்கும் நக்கீரரை நாம் கவனிக்கிறோம். அம்மம்மாவுக்கோ அது தான்தோன்றீஸ்வரர் சந்நிதி. கல்நந்தி புல் தின்ற கதை கேட்டு வளர்ந்த கொக்கட்டிச்சோலையாருக்கு அது அந்நியமாகுமா? ஒரே படத்தில் ஒவ்வொரு வயதுக்கும் ஒரு வாசல் உண்டு.

அந்த வாசலும் மாறும். பீம்சிங் இயக்கிய ‘பாசமலர்’ (1961) பள்ளி நாட்களில் நமக்கு வெறும் அழுகைப் படம். பின்னர் யுத்தம் எத்தனை அண்ணன்மாரைப் படுவான்கரையிலிருந்து கொண்டுபோனது! சிவாஜியும் சாவித்திரியும் அழும்போது, வாய்விட்டு அழ முடியாதிருந்த தங்கைகளும் அழுதார்கள். படம் மாறவில்லை, நாம் மாறினோம்.

வைத்தியத் தொழிலில் இருக்கும் நாங்கள் இன்னொன்றும் காண்கிறோம். காலையில் சாப்பிட்டதை மறந்த முதியவர், இளமையில் கேட்ட சினிமாப் பாட்டை அடி பிசகாமல் பாடுவார். இளவயதில் பதிந்தவை எளிதில் அழிவதில்லை.

இப்போது ஆளுக்கொரு கைத்தொலைபேசி. அம்மா விறாந்தையில் தனியே. லண்டனிலோ டொரன்டோவிலோ வாழ்ந்தாலும், ஊருக்கு வரும்போது ஒரு பழைய படத்தை அம்மாவோடு இருந்து பார்ப்போம். எந்த இடத்தில் கண்ணைத் துடைக்கிறார் என்று கவனித்து, ஏன் என்று கேட்போம். அவர் சொல்லப்போகும் கதை வேறெங்கும் நமக்குக் கிடைக்காது.