பேச்சுப் போவது தெய்வக் குற்றமா?



ஒருவருக்கு நாளாக நாளாகப் பேச்சுக் குறைந்து வந்தால் நம் ஜனங்கள் என்ன சொல்லுகிறார்கள்? "சரஸ்வதி நாவை விட்டுப் போய்விட்டாள்" என்பார் ஒருவர். "செய்வினை" என்பார் மற்றொருவர். உடனே தாயத்து, மந்திரிப்பு, நேர்த்திக்கடன்! இவற்றால் பூசாரிக்குப் பணம் சேர்ந்ததேயல்லாமல் யாருக்காவது பேச்சுத் திரும்பிற்றா? பகுத்தறிவுவாதிகளென்னும் நாமும் "வயதானால் இப்படித்தான்" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். அதுவும் ஆராயாத பேச்சே. 65 வயதுக்கு முன்பே பலருக்கு இது ஆரம்பிக்கின்றது.

பேச்சுக்கு இடம் நாக்கல்ல, மூளை. பெரும்பாலோருக்கு அதன் இடது பாகம். திடீரென்று பேச்சுப் போனால் அது பக்கவாதமாயிருக்கலாம். ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வருஷக்கணக்கில் சிறுகச் சிறுகப் போனாலோ, மூளை தேய்கிறதா என்று பார்க்க வேண்டும். 1892-ல் பிராக் நகரத்து வைத்தியர் ஆர்னால்ட் பிக் இப்படிப்பட்ட ஒரு கிழவரைப் பற்றி எழுதினார். 1982-ல் அமெரிக்காவில் மார்செல் மெசுலாம் என்னும் வைத்தியர், மற்ற புத்தியெல்லாம் தெளிவாயிருக்கப் பேச்சு மட்டும் தேய்ந்துவந்த 6 பேரை எடுத்துக்காட்டினார். 2011-ல் நிபுணர்கள் கூடி இதை 3 வகையாக வகுத்தார்கள்.

முதல் வகையார் வார்த்தையின் அர்த்தம் அறிவார். ஆனால் வாய் தடுமாறும், இலக்கணம் சிதறும். "நான்... சந்தை... காய்" என்று திணறுவார். இரண்டாம் வகையார் சரளமாய்ப் பேசுவார், "அகப்பை எடு" என்றால், "அகப்பையென்றால் என்ன?" என்பார். மூன்றாம் வகையாருக்கு அர்த்தமும் தெரியும், இலக்கணமும் பிசகாது. வேண்டிய சொல் தொண்டையில் நிற்கும். நீண்ட வாக்கியத்தைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னால் பாதியில் நின்றுபோவார்.

இப்படிப் பிரிப்பதால் பிரயோஜனமென்ன? மூன்றாம் வகைக்கு அடியில் பெரும்பாலும் இருப்பது அல்சைமர் வியாதி; மற்ற இரண்டுக்கும் பெரும்பாலும் வேறு வியாதி. வேர் தெரியாமல் வைத்தியம் ஏது? இதை முற்றும் மாற்றும் மருந்து இன்று இல்லை. இல்லாததை இல்லையென்று ஒப்புக்கொள்ளுவது விஞ்ஞானம். இருக்கிறதென்று சொல்லி விற்பது மந்திரவாதம். ஆனால் பேச்சுப் பயிற்சி உண்டு. சைகையும் படமும் எழுத்தும் கொஞ்ச காலம் கைகொடுக்கும்.

தோழர்களே! ஆரம்பத்தில் இவர்களுக்குப் போவது பேச்சே தவிர புத்தியல்ல. அப்படியிருக்கப் பைத்தியமென்று மூலையில் உட்கார வைப்பதும், அவரைக் கேளாமலே அவர் நிலத்தைப் பங்கு போடுவதும் எவ்வளவு அக்கிரமம்! கோயிலுக்கு இழுக்காமல் நரம்பு வைத்தியரிடம் அழைத்துப் போங்கள். அவர் சொல்லை முடிக்கும்வரை பொறுத்திருங்கள். இதுவே நாம் கேட்டுக் கொள்ளுவது.